இரண்டு ஆமோஸ் பெல்டன்கள்

1

போன கிழமை பெர்மெசோ புதுப்பிக்கக் குவெஸ்தூராவுக்குப் போயிருந்தேன். பெர்மெசோ என்றால் இங்கே தங்குவதற்கான அனுமதிக் கடதாசி. குவெஸ்தூரா என்றால் அதைத் தருகிற பொலிஸ் கந்தோர். இந்த இரண்டு இத்தாலியன் சொல்லும் தெரியாத தமிழர் ஒருவரும் பலெர்மோவில் இல்லை. இங்கே பிறக்கிற பிள்ளை அம்மா, அப்பாவுக்கு அடுத்ததாக பெர்மெசோ என்றுதான் சொல்லும் என்று என் கணவர் பகிடி விடுவார்.

விடிய ஐந்து மணிக்கு வரிசையில் நின்று, பதினொன்றரைக்குக் கண்ணாடிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். உள்ளே இருந்தவர் புதிய ஆள். கடவுச்சீட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், திரும்பவும் கடவுச்சீட்டைப் பார்த்தார்.

“பெல்டன். அமெரிக்கரா?”

“இல்லை. ஸ்ரீலங்கா.”

“கணவர் அமெரிக்கரா?”

“அவரும் ஸ்ரீலங்கா. இது என் தகப்பன் வீட்டுப் பெயர்.”

“அப்படியென்றால் தகப்பன் அமெரிக்கரா?”

எனக்குப் பின்னால் நின்ற மன்னார்ப் பெண் என் முதுகில் மெல்லத் தட்டினாள். “அக்கா, ஓம் எண்டு சொல்லுங்கோ. கெதியா விட்டிடுவான். எங்களுக்கும் நேரம் போகுது.”

நான் ஓம் என்று சொல்லவில்லை. அந்த ஓமைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் போன வருடம் பட்ட பாடு அவளுக்குத் தெரியாது. முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது, இதை ஒருதரம் எழுதிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஏழு வருடமாக வெளிநாட்டில் இருக்கிறவள் புத்தி சொல்ல எழுதுகிறாள் என்று நினைக்கவேண்டாம். நடந்தது எனக்கே சரியாக விளங்கவில்லை. வாசிக்கிற உங்களுக்கு விளங்கினால் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

2

முதலில் இந்தப் பெயர். வட்டுக்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்கு இது புதினமில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அமெரிக்கன் மிஷன் எங்கள் பக்கம் வந்த காலத்தில், பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்த பிள்ளைகளின் சாப்பாட்டையும் படிப்பையும் அமெரிக்காவில் யாரோ ஒருவர் பொறுப்பெடுப்பார். பொறுப்பெடுத்தவர் ஒரு பெயர் சொல்லி அனுப்பினால், பிள்ளைக்கு அந்தப் பெயர்தான். விடிய முருகனாகப் போனவன் பின்னேரம் எபனேசராக வருவான். இப்படித்தான் எங்கள் ஊரில் வேட்டி கட்டி, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்த எத்தனையோ பேர் வெள்ளைக்காரத் துரைமாரின் பெயரோடு திரிந்தார்கள். நாங்கள் பெல்டன் ஆனதும் அப்படித்தான் என்பது அப்பா சொன்ன கதை. அப்பாவின் பூட்டனார் ஒரு உள்ளூர்ப் பொடியன். ஆமோஸ் பெல்டன் என்பது அவருக்குக் கொடுத்த பெயர். அதற்கு முன்னம் அவருக்கு என்ன பெயர் என்று அப்பாவுக்குத் தெரியாது. ஞானஸ்நானம் எடுத்த பிறகு பழைய பெயரைக் கேட்பது மரியாதையில்லை என்று ஒருவரும் கேட்கவில்லையாம்.

அப்பாவின் தங்கை றோஸ் மாமியிடம் இன்னொரு கதை இருந்தது. ஆமோஸ் பெல்டன் அசல் வெள்ளைக்காரன், கப்பலில் வந்து எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டியவன், அதனால்தான் தனக்கு இந்த நிறம் என்பாள். தன் மூன்று பெண்களின் கல்யாணப் பேச்சையும் இந்தக் கதையைச் சொல்லித்தான் முடித்தாள். “உன்ரை நிறம் எங்கடை அம்மாவின்ரை நிறம். அவவை எந்தத் துரை பெத்தவர்?” என்று அப்பா கேட்பார். மாமி அதைக் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள்.

இரண்டு கதைக்கும் கடதாசி கிடையாது. நான் கல்யாணத்துக்கு முன் ஐந்து வருடம் பதிவுக் கந்தோரில் வேலை செய்தவள். பழைய புத்தகங்களைப் பார்த்துப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் நகல் எடுப்பதுதான் வேலை. ஊரில் பாதிப் பேரின் பாட்டன் பூட்டனைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். எங்கள் பூட்டனைத் தேட எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

போன வருடம் மாசி மாதம் அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் மிஸ் டொறத்தி பெல்டன். மாசசூசெட்ஸ் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்யாதவர். முப்பது வருடமாகத் தன் குடும்பத்தின் வழியைத் தேடுகிறாராம். முதலாவது பெல்டன் முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன் கப்பலில் வந்திறங்கிய தச்சன். அவனிலிருந்து யார் பிறந்தார்கள், யாரைக் கட்டினார்கள், எந்தக் காணியை எழுதி வாங்கினார்கள், கோயிலில் உட்காருகிற வாங்குக்காக யாரோடு சண்டை பிடித்தார்கள் என்பது வரைக்கும், ஊர்ப் பதிவுப் புத்தகங்களிலும் நீதிமன்றக் கடதாசிகளிலும் தேடி எழுதி வைத்திருக்கிறார். எல்லாரையும் கண்டுபிடித்தாயிற்று, ஒருவனைத் தவிர.

அந்த ஒருவன் ஆமோஸ். அவனுடைய பிறப்புப் பதிவு இருக்கிறது, ஞானஸ்நானப் பதிவு இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்த ஊரில் சில வருடத்து மரணப் பதிவுகள் தீயில் போய்விட்டனவாம், கல்லறையும் இல்லையாம். அப்படியிருக்க, மிஷனின் பழைய பதிவேடுகளைப் படம் பிடித்து வைத்த சுருளொன்றில் வட்டுக்கோட்டைக் கல்யாணப் பதிவைக் கண்டிருக்கிறார். மாப்பிள்ளை ஆமோஸ் பெல்டன். கொழும்பில் இருக்கிற எங்கள் போதகர் ஒருவர் என் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார். கடைசி வரியில் ஒரு கேள்வி: நீங்கள் ஆமோஸின் வழியில் வந்தவர்களா?

என் கணவர் அற்புதம் மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். கடிதத்தை நான் வாசித்துச் சொன்னதும் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப நான் அமெரிக்கத்தியைக் கட்டியிருக்கிறன். இது தெரியாமல் இவ்வளவு காலமும் இஞ்சை கோப்பை கழுவிக்கொண்டு நிக்கிறன், பார்.”

3

பகிடியோடு இது முடிந்திருக்கும். சீலன் இருந்தான்.

சீலன் என் கடைசித் தம்பி, இருபத்துநான்கு வயது. இடம்பெயர்ந்து, காடு கடந்து, கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தான். ஒரு அறையில் நாலு பேர். தமிழ்ப் பொடியன், வடக்குப் பிறப்பு, வேலையில்லை. இரண்டு தடவை பொலிஸ் ஏற்றிக்கொண்டு போனது. இரண்டாம் தடவை பதினொரு நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். அந்தப் பதினொரு நாளும் நான் வேலை செய்யும் வீட்டுக்காரி சிஞ்ஞோராவின் உடுப்புகளை இஸ்திரி போட்டபடி நின்றேன். என்ன மடித்தேன், எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அவனை இங்கே எடுப்பிக்கக் குவெஸ்தூராவில் கேட்டிருந்தேன். கணவன், மனைவி, வயது வராத பிள்ளை, பராமரிப்பில் உள்ள தாய் தகப்பன், இவர்களைத்தான் எடுக்கலாமாம். “தம்பி?” என்றேன். அங்கே இருந்த உத்தியோகப் பெண் விரலால் பட்டியலை மேலிருந்து கீழே தடவிக் காட்டினாள். தம்பி அதில் இல்லை. இத்தாலிச் சட்டத்துக்கு என் தம்பி எனக்கு உறவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற யாரோ ஒரு மிஸ் பெல்டன் என்னை உறவா என்று கேட்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதில் எழுதினேன். நாலைந்து கடதாசி கிழித்த பிறகு வந்தது இது: “நாங்கள் வட்டுக்கோட்டை ஆமோஸ் பெல்டனின் சந்ததி. அவர் அமெரிக்காவிலிருந்து வந்தவர் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு.” இரண்டு வரியும் உண்மை. மாமியின் கதை எங்கள் குடும்பத்துக் கதைதானே? ஒரு பொய்யும் எழுதாமல் முழுப் பொய்யைச் சொல்லிவிட்டேன் என்று உறையை ஒட்டும்போதே தெரிந்தது. கடைசியில் சீலனைப் பற்றியும் எழுதினேன்.

பதில் உடனே வந்தது. அவருடைய திருச்சபை நடத்துகிற கல்லூரியில் வருடத்துக்கு ஒரு வெளிநாட்டுப் பிள்ளையை எடுப்பார்களாம். விசாவுக்கும் கடிதம் கொடுப்பார்களாம். “நம் குடும்பத்துப் பையன் என்றால் நான் அவர்களிடம் அடித்துப் பேசுவேன்” என்று எழுதியிருந்தார். வைகாசியில் ஒரு சுற்றுலாக் குழுவோடு சிசிலிக்கு வருகிறார், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் வருவார்.

“நீ ஒண்டும் சொல்லாதை,” என்றார் அற்புதம். “அவா கேட்டால் மாமியின்ரை கதையைச் சொல்லு. மாமி என்ன, பொய் சொல்லுறவவே?”

“ஓம், சொல்லுறவ.”

“சரி, அதை விடு. பொடியனை யோசி.”

மகள் அனிற்றாவுக்குப் பதினாலு வயது. அவள் எங்களைக் கேட்காமலே முடிவெடுத்துவிட்டாள். அவளுடைய பெயருக்குப் பின்னால் இருப்பது தகப்பனின் அற்புதராஜசிங்கம். பள்ளிக்கூடத்தில் அதை ஒருவராலும் சொல்ல முடியாது, ஆசிரியர் பாதியில் நிறுத்திவிடுவார். இப்போது கொப்பியின் மட்டையில் அனிற்றா பெல்டன் என்று எழுதிக்கொண்டாள். வகுப்பில் அவளுக்கு “லமெரிக்கானா”, அமெரிக்கக்காரி, என்று பட்டம் வந்துவிட்டது. நாங்கள் தமிழில் கேட்டால் இத்தாலியனில் பதில் சொல்கிற பிள்ளை, அந்த மாதம் முழுவதும் என்னிடம் வட்டுக்கோட்டையைப் பற்றித் தமிழில் கேட்டாள். அது எனக்குச் சந்தோசமாக இருந்தது. எதற்காகச் சந்தோசப்படுகிறேன் என்று நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

4

மிஸ் பெல்டன் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் ஸ்டேசனுக்குப் பக்கத்து ஹோட்டலிலிருந்து டாக்சியில் எங்கள் ஒரேத்தோத் தெருவுக்கு வந்தார். நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. நல்ல உயரமான மனிசி, வெள்ளைச் சப்பாத்து, தோளில் இழுத்துக்கொண்டு தொங்குகிற ஒரு பை. கதவைத் திறந்தேன். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நின்ற அற்புதத்தைப் பார்த்தார். ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்தார். அந்த ஒரு கணத்தை நான் குறை சொல்லமாட்டேன். நானாக இருந்தால் பிழையான வீடு என்று படியிறங்கியிருப்பேன்.

றோல்ஸ், கட்லட், கேக் எல்லாம் மிளகாய் குறைத்துச் செய்திருந்தேன். அவர் சாப்பிடவில்லை. அனிற்றாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பைக்குள்ளிருந்து ஒரு பழைய படத்தை எடுத்தார். மீசை வைத்த வெள்ளைக்காரர், அவருடைய தகப்பன். படத்தை அனிற்றாவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டு பேரின் வாய்க்குக் கீழேயும் விரலால் காட்டினார்.

“நாடியைப் பாருங்கள். இது பெல்டன் நாடி. எங்கே கண்டாலும் நான் சொல்லிவிடுவேன்.”

மொட்டந்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். அனிற்றாவின் நாடி அச்சுவேலியில் இருக்கிற என் மாமியாரின் நாடி. அற்புதத்துக்கும் அதே நாடிதான். அவர் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்ப் பெரிதாக இருமினார். அனிற்றா சுவர்க் கண்ணாடியில் தன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

மிஸ் பெல்டன் மேசையைத் துடைக்கச் சொல்லி, ஒரு நீளக் கடதாசியை விரித்தார். எங்கள் மேசை போதவில்லை, ஒரு கரையைக் கதிரை மேல் போட்டோம். தச்சனில் தொடங்கிப் பன்னிரண்டு தலைமுறை, எல்லாம் கறுப்பு மையில், வடிவான எழுத்தில். ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் எந்தப் பதிவேடு, எத்தனையாம் பக்கம் என்று சின்ன எழுத்தில் குறித்திருந்தார். பதிவுக் கந்தோரில் இருந்தவளுக்கு அந்த வேலையின் அருமை தெரியும். எனக்கு அந்த மனிசியில் ஒரு பிரியம் வந்துவிட்டது. அது வராமல் இருந்திருந்தால் நல்லது.

ஆமோஸின் பெயருக்குக் கீழே மட்டும் பென்சில். வட்டுக்கோட்டைக் கல்யாணம் பென்சிலில். அதற்குக் கீழே நான் எழுதி அனுப்பிய பெயர்கள், என் பெயர், அனிற்றா, சீலன், எல்லாம் பென்சிலில்.

“இன்றைக்கு உங்கள் முன்னால் மையில் எழுதப்போகிறேன்,” என்றார். “அதற்காகத்தான் பேனை கொண்டுவந்தேன்.”

5

அனிற்றா அவரை மலை காட்டப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அற்புதமும் போனார். நான் மிஸ் பெல்டன் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருந்த கோப்புகளைப் புரட்டினேன். கோப்பென்றால் என் கை சும்மா இராது. ஒன்றின் மேல் “சேராதவை” என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எந்தக் கணக்கிலும் சேராத கடதாசிகளுக்கு எங்கள் கந்தோரிலும் அப்படியொரு கோப்பு இருந்தது.

அதற்குள் ஒரு கடிதத்தின் நகல். முதல் பக்கம் இல்லை, இரண்டாம் பக்கம் மட்டும். ஓரத்தில் மிஸ் பெல்டன் குறித்திருந்தார்: “ஆமோஸின் தாயின் பெட்டியில் இருந்தது. எதைப் பற்றியதென்று தெரியவில்லை.” திகதியைப் பார்த்தால், வட்டுக்கோட்டைக் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு வருடம் முந்தியது. பழைய சாய்ந்த எழுத்து. எனக்கு அந்த எழுத்து பழக்கம்.

“...நீங்கள் கேட்டபடியே பெயரை வைத்திருக்கிறோம். பையன் சங்கானைக் கந்தரின் மகன், இதுவரை வேலன் என்று அழைக்கப்பட்டவன். வயது ஒன்பது இருக்கலாம். கணக்கில் கெட்டிக்காரன். இரவில் தாயை நினைத்து அழுகிறான், நாளடைவில் மறந்துவிடுவான். உங்கள் இழப்புக்கு இது ஒரு சிறு ஆறுதலாக இருக்கட்டும்.”

நான் கதிரையில் இருந்துவிட்டேன். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாத ஒருவருக்கு இது யாரோ ஒரு பையனைப் பற்றிய கடதாசி. எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது: இது எங்கள் ஊர் மிஷன்காரர் ஆமோஸின் தாய்க்கு எழுதியது. அந்தத் தாயின் ஆமோஸ் சின்னப் பிள்ளையாகவே செத்துப்போனான். அவள் தன் பிள்ளையின் பெயரை உலகத்தில் எங்கேயாவது உயிரோடு வைத்திருக்க ஆசைப்பட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றுக்கு அந்தப் பெயரைப் போட்டார்கள். அவன் வளர்ந்து, கல்யாணம் கட்டி, என் அப்பாவின் பூட்டனானான்.

வேலன். வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். நூற்றுச் சொச்சம் வருடமாக எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாத பெயர், ஒரு அமெரிக்க மனிசியின் சேராத கோப்புக்குள் கிடந்திருக்கிறது.

எனக்கு அந்தக் கடதாசி வேண்டும். வாய்விட்டுக் கேட்டால் ஏன் என்று கேட்பார், சொன்னால் சீலனின் கதை முடிந்தது. கேட்காமலும் எடுக்கலாம். எடுத்துத்தான் விட்டேன். நாலாக மடித்துச் சட்டைக்குள் வைக்கிற அளவுக்குப் போய்விட்டேன். பிறகு திரும்ப விரித்து மேசையில் வைத்தேன். கடதாசியில் மடிப்பு விழுந்துவிட்டது. பதிவேட்டிலிருந்து ஒரு தாளை உருவுகிறவன் கையில்லாமல் போவான் என்று எங்கள் தலைமை எழுதுநர் சொல்வார். அது ஒரு காரணம் என்றால் சிரிப்பீர்கள். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். மிஸ் பெல்டன் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு பேனையின் மூடியைக் கழற்றினார். ஆமோஸின் பெயருக்குக் கீழே பேனையை வைத்தார்.

பென்சிலில் இருந்தால் அது ஒரு கதை. மையில் எழுதினால் பதிவு. “எழுதவேண்டாம்” என்று நான் சொல்லிவிட்டேன்.

அற்புதம் என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று தலையை ஆட்டினார். நான் கடதாசியை மிஸ் பெல்டனுக்கு முன்னால் தள்ளி, எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கத்தைச் சொன்னேன். என் ஆங்கிலம் திக்கித் திக்கி வந்தது. அவர் மூன்று தடவை வாசித்தார். இரண்டு கல்யாண சாட்சிகள் மாதிரி நாங்கள் பக்கத்தில் நின்றோம்.

“அப்படியென்றால் இந்த இழப்பு...”

“ஆமோஸ். அவன் சின்னனிலேயே இறந்துவிட்டான் என்று நினைக்கிறேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபிப்பார், ஏமாற்றிவிட்டாய் என்று கேட்பார் என்று பார்த்தேன். “முப்பது வருடம் அவனை உயிரோடு வைத்திருந்தேன்,” என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். என்றைக்கோ செத்த பிள்ளைக்கு, செய்தி இப்போதுதான் வந்த மாதிரி அழுதார். நானும் அழுதேன். நான் யாருக்கு அழுதேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தாயை நினைத்து அழுத வேலனுக்கா, லொட்ஜில் இருக்கிற சீலனுக்கா, அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கா? எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது.

“அம்மா, நீ ஏன் சொன்னனீ?” என்றாள் அனிற்றா. அதைத் தமிழில்தான் கேட்டாள்.

தேத்தண்ணி குடித்துவிட்டு மிஸ் பெல்டன் நீளக் கடதாசியைச் சுருட்டினார். கடிதத்தின் நகலை என் கையில் வைத்து, “இது உங்களுடையது” என்றார். வாசலில் அற்புதம் பொறுக்கமாட்டாமல் தன் அரைகுறை ஆங்கிலத்தில் தம்பியின் விசயத்தைக் கேட்டார். மிஸ் பெல்டன் படியைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். “குடும்பத்துப் பையன் என்று சபையில் சொல்லியிருந்தேன். இனி நான் அவர்களிடம் திரும்பப் பேசவேண்டும்.”

டாக்சி போன பிறகு அற்புதம் றோல்ஸ் தட்டை எடுத்து மூடி வைத்தார். “வேலன் எண்டு தெரிஞ்சிட்டுது. நல்லது. இனி என்ன செய்யப்போறாய்? அவருக்குப் பெர்மெசோ எடுக்கப்போறியோ?”

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. அனிற்றா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. கொப்பி மட்டையில் இருந்த பெல்டனை மையால் அடித்திருந்ததைப் பிறகு கண்டேன்.

6

ஆவணி மாதம் ஒரு நீளக் குழாய் தபாலில் வந்தது. உள்ளே அந்தக் கடதாசியின் பிரதி, இப்போது எல்லாம் மையில். ஆமோஸுக்குக் கீழே, “சிறுவயதில் இறந்தான், இடம் தெரியாது” என்று இருந்தது. அவனுடைய தாயின் பெயரிலிருந்து ஒரு கோடு தனியாகப் பிரிந்து ஓரமாகப் போனது. அதன் முடிவில்: வேலன், சங்கானைக் கந்தரின் மகன், ஆமோஸ் என்று பெயரிடப்பட்டவன். அவனுக்குக் கீழே அப்பா வரைக்கும் தெரிந்த எல்லாரும், பிறகு நான், அனிற்றா, சீலன். நடுவில் தெரியாத இரண்டு பெயருக்கு இடம் விட்டிருந்தார். கூட வந்த கடிதம் சிறியது. “உங்களை எங்கே வைப்பதென்று பல நாள் யோசித்தேன். வெளியே விட மனம் வரவில்லை. உள்ளே வைக்கவும் தெரியவில்லை.” சபையில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாராம். அவர்களுக்கும் குழப்பமாம்.

அந்தக் குழப்பம் ஐப்பசியில் தீர்ந்தது. அந்த வருடத்து இடத்தைச் சபையில் இன்னொருவரின் உறவுக்காரப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். மிஸ் பெல்டன் மிகவும் வருந்தி எழுதியிருந்தார். மார்கழியில் நத்தார்ப் பெருநாளுக்கு அனிற்றாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்பினார். அவள் அதைப் போடுகிறாள்.

சீலனுக்கு இதையெல்லாம் நான் துண்டு துண்டாகத்தான் சொல்லியிருந்தேன். இடம் நிரம்பிவிட்டதாம், அடுத்த வருடம் பார்ப்போம் என்று சொல்லி விட்டிருந்தேன். குவெஸ்தூராவுக்குப் போய் வந்த பிறகு, இந்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்டேசனுக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கடையில் நின்று முழுவதையும் சொன்னேன். வேலன் என்ற பெயரைச் சொன்னதும் அவனுக்கு நல்ல சந்தோசம். “வேலனோ? கந்தற்றை வேலனோ? அப்ப நாங்கள் சங்கானை ஆக்களோ, அக்கா?” என்று கேட்டுச் சிரித்தான். அவன் சிரித்து நான் கேட்டுக் கனகாலம். பக்கத்தில் இருந்த அறைக்காரப் பொடியன்களுக்கும் சொல்லியிருக்கவேண்டும், அங்கே ஒரு சத்தம் கேட்டது.

பிறகு அந்தக் கடதாசியைப் பற்றி விசாரித்தான்.

“அதிலை என்ரை பேரும் கிடக்கோ?”

“ஓம். எனக்குப் பக்கத்திலை.”

“அப்ப அவையளின்ரை குடும்பத்திலை எங்களைச் சேர்த்திருக்கினம்.”

“சேர்த்திருக்கினம். ஆனா மற்றவைக்கெல்லாம் முழுக் கோடு கீறியிருக்கிறா. எங்களுக்குப் புள்ளிக் கோடு.”

லொட்ஜில் யாரோ கதவை அடித்துச் சாத்தினார்கள்.

“அக்கா, நீ அண்டைக்கு ஒண்டும் சொல்லாமல் விட்டிருந்தால் அவா முழுக் கோடு கீறியிருப்பா, என்ன?”

“ஓம்,” என்றேன்.

அவன் ஏசுவான் என்று காத்துக்கொண்டு நின்றேன். ஏசவில்லை. “சரி அக்கா, வைக்கிறன். பின்னாலை ஆக்கள் நிக்கினம்,” என்றான்.